சிவப்பு முத்திரை

போர்முனை நிருபராக இருந்து பிறகு சரித்திர ஆசிரியரான குசகாபே வியட்நாம் போரின்போது சைகோனிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள் வேண்டும் என்று எழுதி, கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்தி, விண்ணப்பத்தை நீட்டினார் முதியவர்.

"அந்தப் பெட்டியை இன்னும் இருபது வருஷத்துக்கு யாருக்கும் தரக்கூடாதுங்க," என்றாள் டோக்கியோ ஆவணக் காப்பக அலுவலர் சிஸுரு.

"ஒரே ஒரு கடிதம்மா. குண்டு விழுந்தப்போ ஓட்டல்ல தூங்கிட்டிருந்தேன்னு அதுல இருக்கு. நேர்ல பார்த்ததா எழுதின புத்தகம் என்னாகும்? அதைக் கிழிச்சுட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

"போன மாசமும் இதையேதான் கேட்டீங்க. நானும் முடியாதுன்னுதான் சொன்னேன்."

"உங்க இயக்குநரைக் கூப்பிடுங்க!"

"பிரதமரே வந்தாலும் கிடையாது சார். கடிதங்களை ஒப்படைச்சவர் போட்ட நிபந்தனையை நீங்களே படிச்சுக்கங்க."

சிஸுரு கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

'கேட்பது நானாகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். அந்த ஒரு கடிதத்தைக் கிழிக்கத்தான் வருவேன்.'

கீழே குசகாபேயின் சிவப்பு முத்திரை. விண்ணப்பத்தில் இன்னும் ஈரம் காயாமல் இருந்ததும் அதே முத்திரைதான்.

"அன்னிக்கு எனக்குத் தைரியம் இருந்திருக்கு," என்று முணுமுணுத்தபடி தொப்பியை எடுத்தார் முதியவர். "அடுத்த மாசமும் வருவேன்."

"வாங்க சார். அப்பவும் தரமாட்டேன்."