ஒரே இழுப்பில் வருகிற கவர்

“புயலே அடிச்சாலும் அசையாது, மாஸ்டர்” என்றார் கடைக்காரர், மேசைமேல் விரித்த கார் கவரை வளர்த்த பிள்ளை மாதிரி தட்டிக்கொடுத்து.

“அசையணுமேப்பா.”

கடைக்காரர் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். கடைக்காரரும் ஒரு காலத்தில் ரிவர்ஸ் என்றாலே கண்ணை இறுக்க மூடிக்கொண்ட மாணவர்தான். டிரைவிங் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக் இருந்த புண்ணியத்தில்தான் இன்று உயிரோடு கடை நடத்துகிறார். அந்த நன்றிக்காகப் பொறுத்துக்கொண்டார்.

மூன்றடுக்குத் துணி. வெயில் இறங்காது, மழை ஒழுகாது, உள்ளே வேர்க்காது. வண்டியின் வயிற்றுக்கடியில் கட்ட இரண்டு பெல்ட், போதாக்குறைக்கு ஒரு பூட்டு. தெருவோரம் வெட்டவெளியில் நிற்கிற வண்டிக்கு வேறென்ன வேண்டும்?

மாஸ்டர் பெல்ட்டின் பக்கிளை அழுத்திப் பார்த்தார். பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த விரல்களுக்கு அது மசியவில்லை. பிளாஸ்டிக் துண்டு ஜெயித்தது.

“பெல்ட்டெல்லாம் இல்லாம, ஒரே இழுப்புல வர்ற மாதிரி இருக்கா?”

“ஓடாத வண்டிக்கு என்ன மாஸ்டர் அவசரம்? இன்ஜினையே இறக்கி வித்தாச்சு. போர்த்தினா போர்த்தினதுதான்.”

“சாயங்காலம் வீட்டுல பார்ப்பாங்க.”

கடைக்காரர் பூட்டை எடுத்து ஓரமாக வைத்தார். மாஸ்டரின் மனைவிக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருப்பது கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

பொழுது சாய்ந்தால் அவள் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். சிவப்பு வண்டி நின்றால், அவர் வேலையிலிருந்து வந்துவிட்டார். அவ்வளவுதான், உலகம் சரியாக இருக்கிறது. போர்த்திய வண்டி அவளுக்கு வண்டியே இல்லை.

திறந்தே போடலாமென்றால், வெயில் சிவப்பைத் தின்று ரோஸாக்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ‘இது வேற யாரோடதோ’ என்று விம்மினாள். அன்றிலிருந்து பகலெல்லாம் போர்த்துவதும் சாயங்காலம் கழற்றுவதுமாக, ஓடாத வண்டியைத் தினமும் வீட்டுக்கு வரவழைக்கிறார் மாஸ்டர்.

போன வாரம் பழைய கவரின் பெல்ட் சிக்கிக்கொண்டது. வண்டிக்கடியில் மல்லாந்து அதோடு மல்லுக்கட்டி அவர் எழுவதற்குள், அவள் தெருவில் இறங்கிவிட்டாள். நாற்சந்தியில், லாரிகளுக்கு நடுவில், ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் அடித்தட்டிலிருந்து ஒரு மெல்லிய கவரை இழுத்துப் போட்டார். ஓரத்தில் எலாஸ்டிக் மட்டும்.

“மட்டமான சரக்கு, மாஸ்டர். ஒரு மழைக்காலம் தாங்கினா உங்க அதிர்ஷ்டம்.”

“கிழிஞ்சா திரும்ப உன்கிட்டதானே வருவேன்? வியாபாரம் தெரியாத ஆளா இருக்கியேப்பா.”

மேசை முனையில் மாட்டி, இழுத்துப் பார்த்தார். வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். சத்தமில்லாமல் காலடியில் வந்து விழுந்தது. லைசென்ஸ் கிடைத்தவனைப் போலச் சிரித்தார்.

மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில் வண்டிக்கு மாட்டினார்.

சாயங்காலம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் போட்டுக் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அவர் வர்ற நேரந்தான். நீங்க கெளம்புங்கண்ணே. பாவம், பகலெல்லாம் எனக்காக இங்கயே இருக்கீங்க. உங்க வீட்டுலயும் தேடுவாங்கல்ல?”

“தேடுவாங்கம்மா” என்றார் மாஸ்டர்.

பின்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தார்.

ஒரே இழுப்பு.

சிவப்பு வண்டி வந்து நின்றது. அதன் கதவைத் திறந்து, ஜன்னல் வரை கேட்கும்படி அறைந்து சாத்தினார்.

பிறகு தலையைக் கையால் கோதிக்கொண்டு, சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி, முன்வாசல் மணியை அழுத்தினார்.