பதினாலாவது பெயர்

மாரென் கீழ்த்தள வாசலில் வாஃபிள் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பதினாலு வீட்டுக்கும் போதுமான மாவு. ஏலக்காய்ப் பொடியைத் தூவுகிற நேரத்தில், குடியிருப்புச் சங்கத் தலைவி வெங்கே கையில் ஒரு காகிதத்தோடு வேகமாக வந்து நின்றாள்.

"இந்த நோட்டீஸை நீதானே எழுதினே?"

"ஆமாங்க..."

"ஹெர்டிஸ் பேரை எதுக்கும்மா இதுல போட்டே?"

மாரெனுக்கு ஒன்றும் புரியவில்லை. கைக்குழந்தையோடு இங்கே குடி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. படியில் யாராவது இறங்கும் சத்தம் கேட்டால், அவர்கள் போகும்வரை கதவுக்குப் பின்னாலேயே நிற்கிற சுபாவம். இன்றைக்கு டுக்நாட். குடியிருப்பே கூடி வேலை செய்யும் நாள். யாருக்கு என்ன வேலை என்று எழுதி ஒட்டச் சொன்னார்கள். தபால் பெட்டிகளில் இருந்த பெயர்களைப் பார்த்துப் பதினாலையும் அப்படியே எழுதிவிட்டாள்.

'ஹெர்டிஸ்: வேலிக்கு வெள்ளைப் பெயிண்ட், ஒட்வாருடன்.'

"அவங்க சக்கர நாற்காலியில முடங்கிப் போனவங்க, பாவம்! பதினோரு வருஷமா ஒரு துரும்பைக் கூட நாங்க எடுத்துப்போட விட்டதில்ல. மேல ஜன்னல்கிட்ட உட்கார்ந்து பார்ப்பாங்க, நாங்க கீழேருந்து கை காட்டுவோம். தட்டுல வாஃபிள் அனுப்பிடுவோம். நீ என்னடான்னா பிரஷ் பிடிக்கச் சொல்லி ஊரறிய ஒட்டி வெச்சிருக்கே. மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும்!"

மாரென் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்... போய் மன்னிப்புக் கேட்டுடறேன்."

"கேளு. நான் இந்தப் பேரை அடிச்சிடறேன்."

வெங்கே பேனாவைத் தேடி எடுப்பதற்குள் லிஃப்ட் திறந்தது. பழைய சட்டையும் தலையில் கட்டிய துணியுமாக ஹெர்டிஸ் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மடியில் ஒரு பிரஷ். விலைச்சீட்டைக் கூடப் பிரிக்கவில்லை.

"மணி என்ன?" வேலிப்பக்கமிருந்து ஒட்வார் கத்தினார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. "பத்துன்னா பத்து! மே பதினேழு தேசிய நாளுக்குள்ள வேலி முடியணுமா வேண்டாமா?"

"லிஃப்ட் வரல ஒட்வார்!"

"வந்த முதல் நாளே ஒரு சாக்கு!"

வெங்கே வாயைப் பொத்திக்கொண்டாள். "மனுஷனா இவர்? முடங்கிப் போனவங்ககிட்ட இப்படியா பேசறது?"

"முடங்கினது லிஃப்ட்தான் வெங்கே. நாற்காலி ஜோரா ஓடுது" என்றாள் ஹெர்டிஸ்.

வெங்கே முகம் சிவந்து மாரென் பக்கம் திரும்பினாள். "அவங்களுக்கு வாஃபிள்ல ஜாம் வேணுமான்னு கேளு."

"என்னையே கேட்கலாமே, பக்கத்துலதானே இருக்கேன். ரெண்டு கரண்டி!"

அரை மணி கழித்து மாரென் தட்டை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். அங்கே ஒரே சண்டை.

"பெயிண்ட் அடிக்கச் சொன்னா கஞ்சி ஊத்தறீங்களே ஹெர்டிஸ்! சொட்டுது பாருங்க!"

"உங்க பலகையில பாதி விட்டுப்போயிருக்கு. முதல்ல கண்ணாடியைப் போடுங்க!"

உண்மையில் ஹெர்டிஸ் அடித்த பெயிண்ட் சகிக்கவில்லைதான்.

ஒட்வார் ஏணியை எடுக்க நகர்ந்ததும் மாரென் குனிந்துகொண்டே சொன்னாள்: "நான்தான் உங்க பேரை எழுதினேன். தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

ஹெர்டிஸின் பிரஷ் நின்றது. அதுவரை இருந்த சிரிப்பைக் காணோம்.

"தெரியாமலா? அப்போ, நான் நாற்காலியில வர்றவன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டே?"

மாரென் நீட்டிய தட்டிலிருந்து ஹெர்டிஸ் ஒரு வாஃபிளை எடுத்துக் கடித்தாள்.

"பதினோரு வருஷமா ஜன்னல்லேருந்து கை காட்டிக்கிட்டு இருக்கேன் பொண்ணே. நேத்து நோட்டீஸ்ல என் பேரைப் பார்த்ததும் கடைக்குப் பறந்துபோய் இந்த பிரஷை வாங்கினேன்." ஜாம் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு சிரித்தாள். "அடுத்த வருஷம் தெரிஞ்சே எழுது."

மாரென் திரும்பி வந்தபோது வெங்கே திறந்த பேனாவோடு காத்திருந்தாள்.

"மன்னிப்புக் கேட்டியா? பாவம், என்ன சொன்னாங்க?"

மாரென் அந்தக் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"இந்தப் பேரை அடிக்காதீங்க. பாவம்னும் சொல்லாதீங்க. அவங்க நம்மள மாதிரி ஒரு..."

"மாரென்! அரட்டை போதும்!" வேலிப்பக்கமிருந்து ஹெர்டிஸ் கத்தினாள். "பெயிண்ட் தீர்ந்துபோச்சு, இன்னொரு டப்பா தூக்கிட்டு ஓடி வா!"