ஊன்றுகோலோடு ஒரு படம்

இதே ஊன்றுகோலை அன்றைக்கு எங்கே ஒளித்துவைக்கச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

மனசுக்குள் மட்டும் அவள் முதலாளியை ஒருமையில்தான் கேட்பாள்.

பெயின்ட் கடையில், நிறம் கலக்கும் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றிருந்தாள். எதிரே முதலாளி, வாயெல்லாம் பல்லாக. கிடங்கிலிருந்து அவளுடைய ஊன்றுகோலை எடுத்து, அவரே தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் புகைப்படக்காரர். கடையின் புது விளம்பரத்தில் அவள் படம் வரப்போகிறது. நோயாளிக்கும் வேலை கொடுத்துக் காப்பாற்றுகிற கடையாம்.

முதலில் போனது வலது கண். சிவப்பெல்லாம் பல தடவை துவைத்த துணி மாதிரி வெளுத்துத் தெரிந்தது. யாருக்கோ தப்பான நிறத்தைக் கலந்து கொடுத்துவிட்டாள். வேலையில் கவனம் இல்லை என்றார் முதலாளி. சில வாரங்களில் கண் தானாகவே தெளிந்தது.

அப்புறம் கால். அப்புறம், தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. சோம்பலுக்கு மருந்து கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர்தான் பெயர் சொன்னார். வயரின் ரப்பரை எலி கடிப்பதுபோல, நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடுமாம். வரும், போகும், மறுபடி வரும். எப்போது, எந்த இடத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊன்றுகோலோடு அவள் வேலைக்கு வந்த அன்றே, வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அதைக் கிடங்குக்கு அனுப்பினார். தின்னர் டின்களுக்கு நடுவே அது கிடந்தது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

கால் தேறியபோது, இத்தனை நாளும் நடித்தாயா என்று கேட்டார்.

இப்போது அவரே ஊன்றுகோலை அவளிடம் நீட்டினார். "இன்னைக்குத்தான் நல்லா நிக்கிறியேம்மா. இதப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம் சாஞ்ச மாதிரி நில்லு. ஒரு நிமிஷம் நடிச்சா தேஞ்சா போயிடுவ?"

அதே வாய்.

காலையிலிருந்து இடது பாதத்துக்கு அடியில் தரை பஞ்சாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கவுன்ட்டரின் உள்பக்க விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன.

ஊன்றுகோல் கைக்கெட்டும் தூரத்தில் நீண்டிருந்தது.

"வேணாம் சார்," என்றாள். "இப்படியே எடுக்கச் சொல்லுங்க."