சாட்சிக்கு இருவர்

'இனிமேல் என் மனைவியை அடிக்க மாட்டேன்' என்று அவள் எழுதினாள்.

எழுத வேண்டியது கணவர். தன் எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும் என்றார். இன்ஸ்பெக்டர் அம்மா சிரித்துவிட்டுப் பேப்பரை அவள் பக்கம் தள்ளினார்.

மாவுக்கட்டு இடது கையில்தான். எழுதத் தடையில்லை.

வாசகம் சொல்ல ஏட்டம்மா வாய் திறந்தார். தேவைப்படவில்லை. இது மூன்றாவது தடவை.

'மகளையும் அடிக்க மாட்டேன்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

போன தடவை அந்த வரி இல்லை.

காலையில் அவள் கொண்டுவந்த மனு வேறு. தானும் மகளும் இருக்கும் வீட்டுக்குள் அவர் வரக்கூடாது; கோர்ட்டில் அப்படியொரு உத்தரவு வேண்டும். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

"சட்டம் இருக்கும்மா, யாரு இல்லேன்னா? குடும்பமும் இருக்கணும்ல?" என்றிருந்தார் இன்ஸ்பெக்டர்.

மேஜைமேல் ஒரு கேடயம் நின்றது. மாவட்டத்திலேயே அதிகத் தம்பதிகளைச் சேர்த்துவைத்த மகளிர் காவல் நிலையத்துக்குக் கொடுத்தது. தினமும் துடைப்பார்கள் போல.

பின்சுவரில் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புச் சட்டங்களின் விளக்கப் பலகை. கேடயம் மறைத்தது போக மீதியை வாசிக்கலாம். 'அவசர உதவிக்கு அழைக்கவும்' என்பது வரை தெரிந்தது.

எண் தெரியவில்லை.

கடிதத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார் ஏட்டம்மா.

சுவரோரப் பெஞ்சிலிருந்து மகள் எழுந்து வந்தாள். மூன்றாம் வகுப்பு. தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவாள்.

நேற்று நடந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

சின்னப் பிள்ளை கையெழுத்து செல்லாதாம்.

எதிர் டீக்கடை பவுன்ராஜும் அவர் மாஸ்டரும் வந்தார்கள். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்கள். எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்காமலே போட்டார்கள். இந்த நிலையத்தில் ஒன்றுசேர்ந்த குடும்பங்கள் அத்தனைக்கும் சாட்சி அவர்கள்தான்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தைத் தூக்கிப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார்.

மனு மூடப்பட்டது.

"போலாமாம்மா?" என்றார் கணவர்.

அவ்வளவு மென்மையான குரலை அவள் இந்த அறையில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

மகள் நகரவில்லை. மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் இங்கயே இருந்துக்கிறேனே."

இன்ஸ்பெக்டருக்கு உருகிவிட்டது. இந்த வயசிலேயே போலீஸ் ஆசையைப் பாருங்கள் என்றார். மேஜையிலிருந்த தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தார். ஏட்டம்மா செல்போனை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர்கூட.

தொப்பி நெற்றிக்கு இறங்கிவிட்டது.

சரிசெய்ய அப்பா கையை ஓங்கினார் என்று சொல்ல முடியாது. தூக்கினார், அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்த ஏட்டம்மா உதட்டைப் பிதுக்கினார்.

பிள்ளை கண்ணை இறுக மூடியிருந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்றார்.