ஐந்தாவது தட்டு

சூலியா தெருவில் கித்தார் ஆம்ப் பழுது பார்க்கும் குணாளன், உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வுகளைச் சாப்ஸ்டிக்கால் தட்டித்தான் சோதிப்பார். ஒரு தட்டுக்கு ஸ்பீக்கரில் ஒரு ‘டொக்’ கேட்கும். வால்வைச் செருகும் சாக்கெட்டில் அழுக்கு ஏறியிருந்தால் கூடவே கரகரக்கும்.

கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் காமினி, கரகரக்கிறது என்று கொண்டுவந்த ஆம்பில் நாலே வால்வு. ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டினார். ஸ்பீக்கரில் ஐந்து கேட்டது.

எக்கோவாக இருக்கும் என்று ஆம்பின் எக்கோ சுவிட்சை அணைத்துவிட்டுத் தட்டினார். அப்போதும் ஐந்துதான்.

சரி, சாக்கெட்தான் படுத்துகிறது என்று ஆம்பை நிறுத்தினார். வால்வுகளைக் கழற்றி, துளைகளில் மருந்தடித்து, கறுப்பு அழுக்கைப் பஞ்சால் வழித்தெடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். தளர்ந்திருந்த துளைகளை ஊசியால் இறுக்கினார். இப்போது நாலு தட்டுக்கு நாலே சத்தம்.

எடுத்துப்போக வந்த காமினி, “ஒரு தடவ தட்டிக் காட்டுங்கண்ணே” என்றாள். விரல்விட்டு எண்ணினாள். முகம் சுருங்கிப்போயிற்று.

“இன்னொண்ணு எங்கண்ணே?”

“அது கோளாறுலா தங்கச்சி. சரி பண்ணிட்டேன்.”

“கரகரப்பத்தானே எடுக்கச் சொன்னேன்? அத ஏன் எடுத்தீங்க?”

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆம்பைக் காடியின் பின்சீட்டில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குணாளனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதில் தப்பு பண்ணினோம் என்று யோசித்தபடியே, சாப்ஸ்டிக்கால் மேசையில் நாலு தட்டு தட்டினார்.

குப்பைத் தொட்டிக்குள் ‘டொக்’ என்றது.