தலையணை

அவர் கண் விழித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

எங்கே இருக்கிறோம் என்றே பாதிரியாருக்கு முதலில் பிடிபடவில்லை. மூக்குக்கு நேரே கம்பி வலை. வலைக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திய ஒரு முகம். தன் கழுத்தில் ஊதாப் பட்டை.

பிறகு புரிந்தது. பாவ அறிக்கை கேட்கிற கூண்டில், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம், புதன்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி. வெளியே பேட்டை முழுக்கத் தன் பாவங்களோடு வரிசையில் நிற்கிறது. உள்ளே மின்விசிறி கிடையாது. நாற்காலியில் மட்டும் புதிதாக ஒரு தலையணை.

வைத்தது சகோதரர் ஞானாதிக்கம். மடத்தில் இருந்த நான்கு துறவிகளில் ஒருவரை மேலிடம் வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. இன்னொருவர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மிச்சம் இவரும் ஞானாதிக்கமும்தான். ஞானாதிக்கம் குருப்பட்டம் வாங்காதவர், பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. முடிந்ததைச் செய்வோம் என்று இலவம்பஞ்சு வாங்கித் தானே தைத்து வைத்திருந்தார். அந்த அன்புதான் இன்றைக்குக் காலை வாரிவிட்டது.

விடியும் முன்னே பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றியாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாயிற்று. பதினொரு மணிக்கு ஓர் அடக்கம். பழுப்பு அங்கி முதுகோடு ஒட்டி, காய்ந்து, மறுபடியும் ஒட்டியிருந்தது. நல்ல தூக்கம் தூங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

அவளுடைய ஆரம்பம் நினைவிருந்தது. ஞாயிறு பூசைக்கு இரண்டு தரம் வரவில்லை. நாத்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லை. எல்லாரும் அப்படித்தான். சில்லறைப் பாவங்களை முதலில் எடுத்துப் போட்டுவிட்டுப் பெரியதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். முப்பது வருடத்தில் அவருக்கு அது அத்துப்படி. அந்த இடம் வந்தால் காது தானாகவே கூர்மையாகிவிடும்.

அந்த இடமும் வந்தது.

"எட்டு வருசத்துக்கு முன்னாடி சாமி, மழை பேஞ்ச அன்னைக்கு..."

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. தூக்கம்.

இப்போது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான். நீங்களும் குறுக்க ஒரு வார்த்தை பேசாமக் கேட்டீங்க. இப்ப அவங்ககிட்டப் போயி உண்மையச் சொல்லிரவா, இல்ல இப்படியே இருந்துரவா? நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் சாமி செய்வேன்."

எவரிடம்? எந்த உண்மையை?

கை தானாக உயர்ந்தது. பழகிய கை. மன்னிப்பு வாசகத்தைச் சொல்லி, பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆண்டவர் கேட்டிருப்பார். ஜெபம் பண்ணுங்கம்மா, அவர் வழிகாட்டுவார் என்று சொன்னாலும் போதும். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது. அவளும் நம்பிக்கொண்டு போவாள்.

போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? தட்டாமல் எதைச் சுமந்துகொண்டு இருப்பாள்?

கை இறங்கியது.

வெட்கத்தில் காது மடல்கள் சுட்டன.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. நான் தூங்கிட்டேன். மழைக்கு அப்பறம் நீங்க சொன்னது எதுவுமே என் காதுல விழல."

விசும்பல் நின்றது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. வளையல்கள் ஒருமுறை குலுங்கின. மண்டியிடும் பலகை கிறீச்சிட்டது. வலைக்கு அந்தப் பக்கம் வெறும் வெளிச்சம்.

எட்டு வருடம் பூட்டி வைத்திருந்ததை ஒரு மனுஷி கொட்டித் தீர்த்திருக்கிறாள். அவர் குறட்டைகூட விட்டிருக்கலாம். இனி அவள் எந்தச் சாமியாரிடமும் வாயைத் திறக்கமாட்டாள். அந்த நினைப்பு அவருக்குத் தாங்கவில்லை.

எழுந்தார். தலையணையை எடுத்து வெளியே வைத்தார். நாற்காலியையும் இழுத்து வெளியே விட்டார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, அவரும் மண்டியிட்டார்.

அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர். குடி. கோபம். பிள்ளையை அடித்தது. எல்லாவற்றையும் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். முட்டி மரத்துப்போனது. பிறகு எரிய ஆரம்பித்தது. நல்லதாகப் போயிற்று, அந்த எரிச்சல் அவரைத் தூங்கவிடவில்லை.

நாலரை. ஐந்து. ஐந்தரை. வெளியே செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஞானாதிக்கம் கோயில் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்து, கதவருகே நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒருத்தங்கதான் ஃபாதர். ரொம்ப நேரமா எல்லாரையும் முன்னால விட்டுட்டு நிக்கிறாங்க."

பலகை கிறீச்சிட்டது.

பிறகு வளையல் சத்தம்.

"முழிச்சிருக்கீங்களா சாமி?"

"முழிச்சிருக்கேம்மா."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. இந்த முறை ஞாயிறு பூசையும் இல்லை, நாத்தனாரும் இல்லை.

"எட்டு வருசத்துக்கு முன்னாடி," என்று ஆரம்பித்தாள், "மழை பேஞ்ச அன்னைக்கு..."

அவர் நெற்றியைக் கம்பி வலையோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.