பட்டியலில் விட்டுப்போனது

மதிய வெயில் பேட்டரிக் கடைக்குள் பாதிவரை வந்து நிற்கிறது. வாசலில், காட்டுப் பயணத்துக்காக ஒரு கணவனும் மனைவியும் வீடாக மாற்றிய வேன். மேசைமேல் ஒரே அளவில் இரண்டு பேட்டரிகள். மனைவி முதலில் ஈயப் பேட்டரியைத் தூக்கப் பார்க்கிறாள், இம்மியும் அசையவில்லை. லித்தியம் பேட்டரி சுலபமாக எழும்பி வருகிறது. சந்தேகத்தோடு அதைத் தட்டிக் காது கொடுக்கிறாள். "உள்ள ஏதாவது இருக்கா, வெறும் டப்பாவா?" "கனத்துல ஒண்ணுமில்லம்மா, இதுதான் ரொம்ப நேரம் தாங்கும்," என்று சிரிக்கிறார் கடைக்காரர். "காட்டுல ராத்திரி என்னென்ன ஓடணும்?" கணவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து வாசிக்கிறார்: விளக்கு, மின்விசிறி, சின்ன ஃபிரிட்ஜ். "அவ்வளவுதான்." மனைவி அவர் கன்னத்தைப் பார்க்கிறாள். தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்கக் காற்று ஊதும் மெஷினின் பட்டை, இரண்டு கோடுகளை அங்கே நிரந்தரமாகப் பதித்திருக்கிறது. "அதை எழுதலியா?" "நாலு நாள்தானே, சமாளிச்சுக்குவேன்," என்கிறார் அவர், கடைக்காரருக்குக் கேட்காத குரலில். "நீங்க நல்லாத் தூங்குவீங்க. முழிச்சிருந்து உங்க மூச்சை எண்ணுறது யாரு?" சீட்டு அவர் கையில் மடிகிறது. கடைக்காரர் பேனாவை நீட்டுகிறார். "அதுக்கு நாற்பது வாட் போட்டுக்கங்க சார்," என்றபடி முகத்தை வெயிலுக்குத் திருப்புகிறார். அவர் கன்னத்திலும் அதே இரண்டு கோடுகள்.